பந்து எங்குட்டு போச்சு? - சேப்பாக்கத்தின் வானொலிக் குரல்கள்

எங்கள் வீட்டில் ஒரு பழைய மர்ஃபி ரேடியோ இருக்கிறது. பாடாது, பேசாது. பின்பக்க மூடி தொலைந்து போய் ஒரு ரப்பர் பேண்டுதான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கும்போதெல்லாம் அம்மா அதைப் பழைய இரும்புக்காரரிடம் போடப் பார்ப்பார். தாத்தா விடமாட்டார். "அது கெடக்கட்டும்மா. அதுல ஜப்பார் பேசியிருக்காரு" என்பார்.

யார் இந்த ஜப்பார் என்று சின்ன வயதில் நான் கேட்டதே இல்லை. தாத்தாவின் பழைய கூட்டாளி யாரோ என்று நினைத்திருந்தேன். அவர் ஒரு கிரிக்கெட் வர்ணனையாளர் என்பதும், தாத்தா அவரை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை என்பதும் பிளஸ் டூ படிக்கும்போதுதான் தெரிந்தது. பார்க்காத ஒரு மனிதரின் பெயரை முப்பது வருஷத்துக்கு மேல் ஒருவர் ஞாபகம் வைத்திருக்கிறார் என்றால் அதில் ஏதோ விஷயம் இருக்க வேண்டும் அல்லவா? அதைத் தேடிப் போனதன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

பிட்ஸ்பர்க்கிலிருந்து சேப்பாக்கம் வரை

முதலில் கொஞ்சம் வரலாறு. ஒரு விளையாட்டை மைதானத்தில் உட்கார்ந்து பார்த்து, அதைப் பார்க்காதவர்களுக்கு ரேடியோவில் சொல்லும் வேலைக்கு நூறு வயது தாண்டிவிட்டது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 1921 ஆகஸ்ட் 5 அன்று நடந்த பேஸ்பால் ஆட்டத்தை ஹெரால்டு ஆர்லின் என்பவர் வானொலியில் வர்ணித்தார். பெரிய குழுக்கள் ஆடும் பேஸ்பாலில் அதுவே முதல் வானொலி வர்ணனை என்கிறார்கள். கிரிக்கெட்டுக்கு பி.பி.சி. 1927-இல் மைக் பிடித்தது. இந்தியாவில் 1934-இல் பம்பாயில் ஏ.எஃப்.எஸ். தல்யார்கான் தொடங்கி வைத்தார். பக்கத்தில் துணைக்கு ஆள் வைத்துக்கொள்ளாமல் நாள் முழுக்கத் தனியாகவே பேசக்கூடியவர் என்று பெயர் எடுத்தவர் அவர்.

நம் சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று நடத்திய மதராஸ் மாகாண ரேடியோ கிளப் 1924-லேயே ஒலிபரப்பைத் தொடங்கிவிட்டது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்று வந்தது. ரஞ்சி கோப்பையின் முதல் ஆட்டமும் 1934 நவம்பரில் சேப்பாக்கத்தில்தான் நடந்தது. மதராஸும் மைசூரும் மோதிய அந்த ஆட்டம் ஒரே நாளில் முடிந்துபோனது.

சேப்பாக்கத்தின் ஆரம்பகாலக் குரல்கள் ஆங்கிலக் குரல்கள். ஆனந்த ராவ், சக்ரபாணி, பாலு அழகண்ணன் என்ற பெயர்களைப் பழைய ரசிகர்கள் இன்றும் சொல்வார்கள். இதில் பாலு அழகண்ணன் வெறும் பேச்சாளர் அல்ல. 1954-55-இல் மதராஸ் முதன்முறையாக ரஞ்சி கோப்பையை வென்றபோது அணியின் தலைவர் அவர்தான். ஆடியவரே வந்து சொன்னால் கேட்கச் சுகம்தான். ஆனால் அந்தச் சுகம் ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கு மட்டும். எங்கள் தாத்தா மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். அவருக்கு அந்த வர்ணனை, நடுவில் தெரிந்த பெயர்கள் மட்டும் வந்துபோகும் ஒரு இரைச்சல்.

கிரிக்கெட் தமிழில் பேசியபோது

தமிழ் வர்ணனை என்றதும் எங்கள் அப்பா விரல்விட்டுச் சொல்லும் பெயர்கள் மூன்று. அப்துல் ஜப்பார், கூத்தபிரான், ராமமூர்த்தி.

கூத்தபிரான், குழந்தைகள் நிகழ்ச்சியின் 'வானொலி அண்ணா'. குழந்தைகளுக்காக நிறைய எழுதியவர். சாத்தான்குளத்துக்காரரான அப்துல் ஜப்பார் இளம் வயதில் இலங்கை வானொலி நாடகங்களில் நடித்துப் பழகியவர். 1980-இல் சேப்பாக்கத்தில் தமிழ்நாடும் கேரளாவும் ஆடிய ரஞ்சி ஆட்டத்தில் வர்ணனையைத் தொடங்கினார். 1999 உலகக் கோப்பையை இங்கிலாந்திலிருந்து புலம்பெயர்ந்த தமிழர்களுக்காக வர்ணித்தவரும் இவரே.

குழந்தைகளுக்குக் கதை சொன்னவர் ஒருவர், ரேடியோ நாடகத்தில் நடித்தவர் ஒருவர். இது தற்செயல் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. கண்ணுக்குத் தெரியாததைக் காதுக்குக் காட்டுவது எப்படி என்று இரண்டு பேருக்கும் முன்னமே தெரியும்.

அவர்கள் முன்னால் இருந்த சிக்கல் சொற்கள். ஆங்கிலத்தில் இருநூறு வருஷமாகப் புழங்கிப் பழகிய சொற்கள் தயாராக இருந்தன. தமிழில் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அடுத்த பந்து வருவதற்குள், சொல் வாயில் வந்து நிற்க வேண்டும். மட்டையாளர், பந்து வீச்சாளர், ஓட்டம், ஆட்டமிழந்தார், சுழல் பந்து, எல்லைக்கோடு. இன்று செய்தித்தாளில் சாதாரணமாகப் படிக்கும் இந்தச் சொற்கள் டீக்கடை வரைக்கும் இறங்கி வந்தது ரேடியோ வழியாகத்தான். எதைத் தமிழாக்க வேண்டும், எதை அப்படியே விட்டுவிட வேண்டும் என்கிற விவேகமும் தேவைப்பட்டது. 'விக்கெட்' விக்கெட்டாகவே நின்றது. இலங்கைத் தமிழில் அது 'இலக்கு'. 'பேட்டிங்' அங்கே 'துடுப்பாட்டம்'. எங்கள் தாத்தா இன்றைக்கும் துடுப்பாட்டம் என்றுதான் சொல்வார். காரணத்தைச் சொல்கிறேன்.

அரவேணுவில் ஒரு டிரான்சிஸ்டர்

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையில் இருக்கிறது எங்கள் அரவேணு. சுற்றிலும் தேயிலை. படுகர் இன மக்களின் ஹட்டிகளும் எஸ்டேட் லைன் வீடுகளும் அடுத்தடுத்து இருக்கும். 1964-இல் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட தமிழர்களில் நிறையப் பேர் நீலகிரிக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. எங்கள் தாத்தாவும் அப்படி வந்தவர்தான், ஆனால் அவருக்கு வேலை கிடைத்தது ஒரு தனியார் எஸ்டேட்டில்.

கப்பலில் வந்தவர்கள் கொண்டுவந்த சாமான்கள் கொஞ்சம். ஆனால் ரேடியோ கேட்கும் பழக்கத்தை எல்லோரும் கொண்டுவந்தார்கள். இலங்கை வானொலியில் மயில்வாகனம், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது குரல்களைக் கேட்டு வளர்ந்த காது அது. இங்கே வந்த பிறகும் இரவானால் கொழும்பைத்தான் திருப்புவார்களாம். விட்டுவந்த ஊரின் சத்தமாவது கேட்கட்டும் என்று.

தாத்தா முதல் போனஸில் வாங்கியதுதான் அந்த மர்ஃபி. அப்போதெல்லாம் ரேடியோவுக்கு லைசன்ஸ் உண்டு, தபால் ஆபீசில் வருஷா வருஷம் பணம் கட்ட வேண்டும். அதைவிடப் பெரிய செலவு பேட்டரி. தீர்ந்துபோன பேட்டரியை வெயிலில் காயவைத்தால் இன்னும் கொஞ்ச நேரம் ஓடும் என்பார்கள். கோத்தகிரிப் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகையில் வெயிலுக்கு எங்கே போவது? பாட்டி அடுப்போரம் வைத்துச் சூடாக்கிக் கொடுப்பாராம்.

பகலில் கோவை நிலையம். 999 கிலோஹெர்ட்ஸ். மலையின் கிழக்குச் சரிவில் இருப்பதால் சமவெளியிலிருந்து வரும் அலை எங்களுக்கு நன்றாகவே எடுக்கும். சேப்பாக்கத்தில் ஆட்டம் என்றால் அந்த முள் அங்கேயே நிற்கும். ஐநூறு கிலோமீட்டர் தள்ளி, அவர்கள் யாருமே பார்த்திராத ஒரு மைதானத்தின் 'பட்டாபிராமன் முனை', 'வாலாஜா சாலை முனை' எல்லாம் லைன் வீட்டுப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். அப்பாவின் கூட்டம் கொழுந்து மடுவத்துக்குப் பின்னால் இருந்த மேட்டில் பந்து விளையாடும்போது, மடுவம் பக்கம் பட்டாபிராமன் முனை, பலா மரத்துப் பக்கம் வாலாஜா முனை!

மூன்று ஆட்டங்கள்

அப்பாவிடமும் தாத்தாவிடமும் தனித்தனியாகக் கேட்டேன், எந்த ஆட்டம் ஞாபகம் இருக்கிறது என்று. இரண்டு பேரும் சொன்னது ஒரே மூன்று.

முதலாவது, 1986 செப்டம்பர் 22. ஆஸ்திரேலியாவுடன் டெஸ்ட், கடைசி நாள். டீன் ஜோன்ஸ் அந்தச் சென்னை வெயிலில் வாந்தி எடுத்துக்கொண்டே 210 அடித்த ஆட்டம். இந்தியா வெல்ல 348 வேண்டும். திங்கட்கிழமை. பள்ளிக்கூடம் விட்டதும் அப்பா வீட்டுக்குப் போகாமல் பஜாரில் ஒரு டீக்கடை வாசலில் நின்றுவிட்டார். உள்ளே நாற்பது பேர். வேலை முடிந்து மண்ணும் சேறுமாக வந்தவர்கள் அப்படியே நின்றார்களாம். கடைசி ஓவர், நான்கு ஓட்டம் தேவை, ஒரே விக்கெட் பாக்கி. ரவி சாஸ்திரி இரண்டு எடுத்தார், பிறகு ஒன்று எடுத்தார். இரண்டு அணியும் சமம். மறுமுனைக்கு வந்தவர் மனிந்தர் சிங். ஒரு பந்தைத் தடுத்தார். அடுத்த பந்து காலில் பட்டது. நடுவர் விக்ரம்ராஜு விரலைத் தூக்கிவிட்டார்.

டீக்கடையில் யாருக்கும் புரியவில்லை. ஜெயித்தோமா, தோற்றோமா? 'டிரா' தெரியும். இது என்ன? டெஸ்ட் வரலாற்றில் அதற்கு முன் ஒரே ஒரு முறைதான் அப்படி நடந்திருந்தது, 1960-இல் பிரிஸ்பேனில். அதற்குப் பிறகு இன்றுவரை நடக்கவில்லை. அப்படி ஒன்று நடக்கும் என்றே தெரியாதவர்களுக்கு, ஸ்டேடிய இரைச்சலுக்கு நடுவில், ஒரு குரல் பொறுமையாக விளக்கிச் சொல்லியிருக்கிறது. என்ன வார்த்தையில் சொன்னார் என்பது அப்பாவுக்கு ஞாபகம் இல்லை. "கேட்டு முடிச்சதும் யாரும் பேசலடா. டீக்கடைக்காரரு அன்னிக்கு எல்லாருக்கும் இன்னொரு டீ போட்டாரு" என்பதுதான் அவர் ஞாபகம்.

இரண்டாவது, அடுத்த வருஷம் அக்டோபர் 9. உலகக் கோப்பை, அதே சேப்பாக்கம், அதே ஆஸ்திரேலியா. ஜெஃப் மார்ஷ் 110. ஆஸ்திரேலியா 268 என்று ஆட்டப் பாதி முடிந்தது. ஆனால் டீன் ஜோன்ஸ் அடித்த ஒரு நான்கு, உண்மையில் ஆறு என்று அவர்கள் முறையிட, இடைவேளையில் கபில்தேவ் சம்மதத்துடன் அது ஆறாக மாற்றப்பட்டது. 268 இப்போது 270. ஸ்ரீகாந்தும் சித்துவும் அடித்து நொறுக்க, இரண்டு விக்கெட்டுக்கு 207 என்று இருந்த இந்தியா, கடைசியில் 269-க்குச் சுருண்டது. ஒரு ஓட்டத்தில் தோல்வி! கடைசியாக அவுட் ஆனவர் யார் தெரியுமா? அதே மனிந்தர் சிங். தாத்தா இன்னமும் அந்த இரண்டு ஓட்டத்துக்கு வருத்தப்படுவார்.

மூன்றாவது 1988 பொங்கல் டெஸ்ட். யாருமே கேள்விப்படாத பத்தொன்பது வயதுப் பையன் நரேந்திர ஹிர்வானி, தன் முதல் டெஸ்டிலேயே வெஸ்ட் இண்டீசின் 16 விக்கெட்டுகளை எடுத்தார். அதே பருவத்தில்தான் வாசுதேவன் தலைமையில் தமிழ்நாடு, சேப்பாக்கத்தில் ரயில்வேயைத் தோற்கடித்து 33 வருஷத்துக்குப் பிறகு ரஞ்சி கோப்பையை வாங்கியது. அந்த வருஷம் பேட்டரிக்கே பாதிச் சம்பளம் போனதாகப் பாட்டி இருந்தவரை சொல்வார்.

டிவி வந்தது, வர்ணனை மாறியது

தொண்ணூறுகளில் எங்கள் லைனுக்கும் டிவி வந்துவிட்டது. மர்ஃபி அலமாரிக்கு மேலே போனது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கேட்பதைவிடப் பார்ப்பது நல்லதுதானே? சச்சினை ரேடியோவில் கேட்டுக்கொண்டா இருப்பார்கள்?

ஆனால் 2008 வாக்கில் தாத்தாவுக்குக் கண் மங்க ஆரம்பித்தது. கண் நீர் அழுத்தம். தெரிந்து கோவைக்குக் கூட்டிப் போவதற்குள் காலம் கடந்துவிட்டது. இப்போது வெளிச்சம், இருட்டு மட்டும்தான் தெரியும்.

2018 முதல் ஐ.பி.எல். ஆட்டங்களை ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் வர்ணனையோடு காட்டத் தொடங்கியபோது நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். தாத்தாவுக்கு மறுபடி கிரிக்கெட் கிடைத்துவிட்டது என்று நாற்காலியை டிவி பக்கத்தில் போட்டு உட்காரவைத்தோம். பத்து நிமிஷம் கேட்டார். "தம்பி, பந்து எங்குட்டு போச்சு?" என்றார். இன்னும் ஐந்து நிமிஷம். "எத்தனை ஓட்டம் ஆச்சு?" பிறகு எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

எனக்கு அப்போது புரியவில்லை. டிவியில் பேசுபவர்கள் நன்றாகத்தான் பேசினார்கள். நகைச்சுவை உண்டு, நுணுக்கம் உண்டு. ஆனால் அவர்கள் பேசுவது படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவரிடம். 'என்ன ஒரு அடி!' என்றால் போதும், மீதியைப் படம் சொல்லிவிடும். ஓட்டக் கணக்கு திரையின் மூலையில் இருக்கிறது, அதை எதற்கு வாயால் சொல்ல வேண்டும்? டிவி வர்ணனையாளர் படத்துக்கு விளக்கம் சொல்கிறார். ரேடியோ வர்ணனையாளருக்கு அந்தப் படத்தையே வரைந்து காட்டும் வேலை.

அமெரிக்காவில் வின் ஸ்கல்லி என்று ஒரு பேஸ்பால் வர்ணனையாளர் இருந்தார். 1950 முதல் 2016 வரை 67 பருவங்கள் டாட்ஜர்ஸ் என்கிற ஒரே அணிக்காகப் பேசியவர். 2022-இல் காலமானார். அவர் குரலைக் கேட்பதற்காக ரசிகர்கள் ஸ்டேடியத்துக்கே டிரான்சிஸ்டர் கொண்டுபோவார்களாம். கண்ணெதிரில் ஆட்டம் நடக்கும்போதும் காதில் ரேடியோ! நம் ஊர் மைதானங்களிலும் இந்தக் காட்சி உண்டு. பார்த்ததைக்கூட அந்தக் குரல் வந்து உறுதி செய்தால்தான் திருப்தி.

நான் வர்ணனையாளர் ஆன கதை

2020 டிசம்பரில் அப்துல் ஜப்பார் காலமான செய்தியைத் தாத்தாவுக்குப் படித்துக் காட்டியது நான்தான். 81 வயது. தாத்தா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நம்ம வயசுக்காரருதான்" என்றார். அவ்வளவுதான்.

2023 அக்டோபர் 8. உலகக் கோப்பை. சேப்பாக்கம். மறுபடியும் ஆஸ்திரேலியா. ஞாயிற்றுக்கிழமை என்பதால் நானும் வீட்டில் இருந்தேன். தாத்தாவை உட்காரவைத்து, டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, நானே சொல்வது என்று முடிவு செய்தேன். ஜப்பார் செய்ததை நாமும் செய்து பார்ப்போமே!

இரண்டாவது ஓவரிலேயே மூச்சு வாங்கியது. "பும்ரா ஓடி வர்றாரு... போட்டாரு... அடி!" என்றேன். "எந்தக் கையில அடிச்சான்? எங்க போச்சு? யாரு பொறுக்குனா?" என்றார். நான் சொல்வதற்குள் அடுத்த பந்து வந்துவிட்டது. மிட்செல் மார்ஷ் ரன் எடுக்காமல் அவுட் ஆனபோது "மார்ஷ் அவுட்" என்று கத்தினேன். தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார். "எந்த மார்ஷு? அன்னிக்கு நூத்திப்பத்து அடிச்சானே, அவனா?" அவன் மகன் தாத்தா, என்றேன். முப்பத்தாறு வருஷத்துக்கு முன் ரேடியோவில் கேட்ட ஸ்கோர்! எனக்கு நேற்று பார்த்த ரீல்ஸே ஞாபகம் இருப்பதில்லை.

ஆஸ்திரேலியா 199. இந்தியா ஆட வந்தது. இரண்டு ஓட்டத்துக்கு மூன்று விக்கெட். கோலி பன்னிரண்டில் இருக்கும்போது பந்தை மேலே தூக்கி அடித்தார். நான் "அய்யோ... அய்யோ..." என்று எழுந்து நின்றுவிட்டேன். வேறு வார்த்தையே வரவில்லை. அந்த மூன்று நொடியும் தாத்தா என் கையைப் பிடித்து உலுக்கினார். "சொல்லுடா! என்னா ஆச்சு, சொல்லு!" மார்ஷ் பிடிக்காமல் விட்டுவிட்டார் என்று சொன்ன பிறகுதான் கையை விட்டார்.

அந்த மூன்று நொடிதான் எனக்கு எல்லாவற்றையும் புரியவைத்தது. ஜப்பாரும் கூத்தபிரானும் ராமமூர்த்தியும் ரசிகர்கள்தானே? அவர்களுக்கும் நெஞ்சு அடித்திருக்கும், எழுந்து கத்தத் தோன்றியிருக்கும். ஆனால் அரவேணுவில் ஒரு டீக்கடையில் நாற்பது பேர் காத்திருக்கிறார்கள் என்பதற்காக, தன் 'அய்யோ'வை விழுங்கிவிட்டு, பந்து எங்கே போகிறது என்பதை முதலில் சொல்லியிருக்கிறார்கள். பந்துக்குப் பந்து, நாள் முழுக்க, ஐந்து நாளும்.

கோலி 85, ராகுல் ஆட்டமிழக்காமல் 97. ராகுல் சிக்ஸர் அடித்து முடித்தார். அதற்குள் நான் கொஞ்சம் தேறியிருந்தேன். மைதானத்தை ஒரு கடிகாரம் மாதிரி வைத்துக்கொண்டு திசை சொன்னேன். ஓவர் முடிந்ததும் மறக்காமல் ஓட்டக் கணக்கு. கடைசிப் பந்துக்கு, "கமின்ஸ் ஓடி வர்றாரு தாத்தா... ராகுல் அடிச்சாரு, பந்து மேல போகுது, கோட்டைத் தாண்டிருச்சு, ஆறு!" என்றேன்.

தாத்தா சிரித்தார். நூற்றுக்கு எவ்வளவு மார்க் என்று கேட்டேன். "ஜப்பாருக்கு நூறுன்னா ஒனக்கு ஒரு பதினைஞ்சு போடலாம்" என்றார்.

அந்தக் கால ஒலிபரப்பில் ஒரு அரை மணி நேரமாவது கிடைக்காதா என்று இணையத்தில் நிறையத் தேடிவிட்டேன். ஜப்பாரின் பிற்காலப் பேட்டிகள்தான் கண்ணில் பட்டன. சேப்பாக்கம் வர்ணனை ஒன்றும் சிக்கவில்லை. டைட் டெஸ்டின் படம் இன்றும் கிடைக்கிறது, ஸ்கோர் கார்டு கிடைக்கிறது. அன்று மாலை டீக்கடைக்கு அதைக் கொண்டுவந்து சேர்த்த குரல், கேட்டவர்களின் காதில் மட்டும் இருக்கிறது. அவர்களுக்கும் வயதாகிக்கொண்டே போகிறது.

உங்கள் வீட்டிலும் ஒரு தாத்தாவோ பெரியப்பாவோ இருப்பார். சேப்பாக்கத்தை ரேடியோவில் கேட்டதுண்டா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கேட்டதை எழுதி வையுங்கள்.

மர்ஃபியைப் பழைய இரும்புக்குப் போடும் பேச்சை அம்மா இப்போது எடுப்பதில்லை. ரப்பர் பேண்டை மட்டும் நான் மாற்றினேன்.